செயலாளரின் ஆண்டறிக்கை: மயங்கிக் கிடப்பவருக்கு முதலுதவி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பதால், இந்த ஆண்டு நாம் நடத்திய முதலுதவிப் பயிற்சியைப் பற்றி மட்டுமே கூறுகிறேன்.

குலசேகரம் வட்டாரத்தில் விடியும் முன்பே வெறும் வயிற்றோடு ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பலர். அப்படிச் சென்ற தொழிலாளி ஒருவர் தோட்டத்தில் மயங்கி விழுந்தபோது, ஓடி வந்தவர்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்து வாயில் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றினார்கள். விழுங்கும் உணர்வு இல்லாதவருக்கு ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பதை அங்கு நின்ற நானும் அறியவில்லை. பல நாள் சிகிச்சைக்குப் பின்னரே அவர் வீடு திரும்பினார். அந்த வருத்தத்தில்தான் இப்பயிற்சியைத் தொடங்கினோம்.

தோளைத் தட்டிச் சத்தமாக அழைத்தும் பதில் இல்லையென்றால், உடனே ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்கு மிகாமல் பார்க்க வேண்டும். மூச்சு சீராக இருந்தால், அவரை ஒருபக்கமாகச் சாய்த்து, மேல்பக்கம் இருக்கும் காலை மடக்கிப் படுக்கவைப்பதே முதல் உதவி. மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னுக்குச் சரிந்தோ வாந்தி தேங்கியோ மூச்சு அடைபடும். மூச்சு நின்றிருந்தாலும், இடைவிட்டுத் திணறல் மட்டும் வந்தாலும், மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறியுமோ என்று பலரும் தயங்கினர். இதயம் நின்றவருக்கு அதைவிடப் பெரிய கேடு அழுத்தாமல் இருப்பதுதான்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகத் திருப்பினால் போதும். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவரைத் திருப்ப நேர்ந்தால், கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்குமாறு மூன்று நான்கு பேர் சேர்ந்து திருப்ப வேண்டும்.

சாலை விபத்தில் உதவுவோருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லுமாறு அவர்களை வற்புறுத்த முடியாது.

பயிற்சி பொம்மையை இதுவரை இரவல் வாங்கியே சமாளித்தோம். சொந்தமாக ஒன்று வாங்கவும், பால்வெட்டுக்குச் செல்லும் பெண்களுக்கு வசதியாகப் பிற்பகலில் அடுத்த பயிற்சியை நடத்தவும் பொதுக்குழு அனுமதி தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்