1831-இல் ஏது கணினி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எவரெஸ்ட் சிகரம் அளக்கப்பட்ட கதையை விரும்பிப் படித்தேன். ஓரிடத்தில் மட்டும் சிரித்துவிட்டேன். 'ராதாநாத் சிக்தர் 1831-இல் நில அளவைத் துறையின் கணினிப் பிரிவில் சேர்ந்தார்' என்று அச்சாகியிருக்கிறது. ஊரில் மின்விளக்கே இல்லாத காலத்தில் கணினிப் பிரிவு எப்படி வந்தது? ஆங்கில மூலத்தில் 'கம்ப்யூட்டர்' என்று இருந்திருக்கும், கட்டுரையாளர் இன்றைய பொருளை வைத்துத் தமிழாக்கிவிட்டார். உண்மையில் சிக்தர்தான் அந்த கம்ப்யூட்டர்!

1613-லேயே ஆங்கில அச்சில் தென்படும் சொல் அது. கணக்குப் போடும் ஆள் என்றுதான் அதற்குப் பொருள். 18-ஆம் நூற்றாண்டில் அது சம்பளம் தரும் வேலையாகவும் ஆனது. நடுக்கடலில் தீர்க்கரேகை அறிய மாலுமிகளுக்கு நிலவின் நிலை முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக இங்கிலாந்தின் அரசு வானியலாளர் நெவில் மாஸ்கெலின் 1767-ஆம் ஆண்டு முதல் கடற்பயணப் பஞ்சாங்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கம்ப்யூட்டர்கள் இங்கிலாந்தின் பல ஊர்களில் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரே கணக்கை இருவர் தனித்தனியாகப் போட, மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிடுவார். காப்பியடித்து மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர்களும் உண்டு. லட்லோ என்ற ஊரில் ஜான் எட்வர்ட்ஸ் பெயரில் வந்த கணக்குகளில் பெரும்பகுதியைப் போட்டவர் அவருடைய மனைவி மேரி. கணவர் இறந்த பிறகே அது வெளியில் தெரிந்தது.

சிக்தரின் வேலையும் இதே வகைதான். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் நம் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோட்டை, அதாவது எல்லாக் கணக்குக்கும் ஆதாரமான தரைத் தூரத்தை, அளந்து தொடங்கிய நில அளவை, இமயமலை வரை போனது. தொலைவிலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, காற்றில் ஒளி வளைவதற்கும் திருத்தம் செய்து, பேனாவும் காகிதமுமாக உயரத்தைக் கணக்கிட வேண்டும். கல்கத்தாவில் இந்த வேலைக்குத் தலைமைக் கம்ப்யூட்டராக இருந்தவர் அவர். 1856-இல் எவரெஸ்டுக்கு அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கு முப்பதே அடி குறைவு!

19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கணக்குப் போடும் கருவிகளையும் சிலர் இப்பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 'கம்ப்யூட்டர்' என்றால் மனிதர்தான். அதே டூரிங் 1950-இல் ஆளைக் குறிக்க 'மனித கம்ப்யூட்டர்' என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருந்தது. நடுவில் 1946-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற மின்னணுக் கணக்கீட்டு இயந்திரத்தை உலகுக்குக் காட்டியிருந்தார்கள். அதை இயக்கப் பழகிய ஆறு பெண்களும் அதற்கு முன் பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணக்கிட்ட கம்ப்யூட்டர்கள். அவர்களுடைய பதவிப் பெயரை இயந்திரம் வாங்கிக்கொண்டது. எனக்கென்னவோ அவர்களுக்குப் புகழும் கிடைக்காமல், பெயரும் பறிபோனது அநியாயமாகத் தெரிகிறது.

'கால்குலேட்டர்', 'பிரிண்டர்' இரண்டும்கூட முதலில் ஆட்களைக் குறித்தவைதான். பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர் இவற்றிலும் சற்றுக் கவனமாக இருக்கலாம்.

கட்டுரைத் தொடர் நூலாக வரும்போது 'கணினிப் பிரிவில்' என்பதை 'கணக்கீட்டாளராக' என்று மாற்றிவிடுங்கள். அடுத்த பகுதியில் அவரைத் 'தலைமைக் கணினி' ஆக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை