மாமனாரைப் பயமுறுத்தாதே

காரைக்குடி

அன்புள்ள ராசாவுக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

தேவகோட்டைக்குப் போயிருந்தேன். மாமனார் சிகரெட்டை விடவேண்டுமென்று நீ அனுப்பிய நுரையீரல் படங்களைச் சம்பந்தி போனில் காட்டினார். இனிமேல் அனுப்பாதே. சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு நோய்ப் படமும் எச்சரிக்கையுந்தானே இருக்கிறது? அதைப் பார்த்துக்கொண்டேதான் பற்ற வைக்கிறார்.

உன்னைப் பெற்ற அப்பச்சியும் பயத்தில் பீடியை விடவில்லை. உன் மகன் லீவுக்கு வந்திருந்தபோது குன்றக்குடி படியேறினோம். பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளை நாலு படி மேலே நின்று, "ஐயா, வாங்க" என்று கையை நீட்டுகிறான். பதில் சொல்ல அவருக்கு மூச்சில்லை. அன்று ராத்திரி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தைப்பூசத்துக்கு இனிமேல் பழனிக்கு நடக்க முடியுமா?" சாவைப் பற்றிப் பேச்சே இல்லை. வயசானவர்களுக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் நடமாட வேண்டும். பேரப்பிள்ளை மடியில் உட்கார்ந்ததும் பீடி நாற்றம் என்று முகத்தைத் திருப்பக் கூடாது. அந்த ஆசைதான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனது.

"இந்த வயசில் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சம்பந்தி கேட்பார். அதற்குப் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆண் டாக்டர்களையே 50 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக்கூடச் சராசரியாக 3 வருஷம் ஆயுள் கூடியிருந்தது.

முதல் வாரம்தான் பாடு. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார், தூக்கம் வராது. நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதால் கொஞ்ச நாள் இருமல் கூடவும் செய்யும். சளியில் ரத்தம் வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போகச் சொல். காலையில் காப்பி குடித்ததும் அப்பச்சி கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். உடனே எழுந்து ஊருணிக் கரை வரை நடந்துவிட்டு வருவார். அந்த ஆசை சில நிமிஷத்தில் அடங்கிவிடும். தாங்க முடியாவிட்டால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, டாக்டரைக் கேட்டு வாங்கலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் பொறுமையாகப் பேசி வழி சொல்வார்கள்.

அடுத்த தடவை பேசும்போது நோய்ப் பேச்சை எடுக்காதே, ராசா. அவருக்கு இன்னும் என்னென்ன செய்ய ஆசை என்று கேள். நடுவில் ஒன்று பற்ற வைத்துவிட்டாலும் கடிந்துகொள்ளாதே. அப்பச்சியும் இடையில் தவறி, அப்புறம்தான் ஒரேயடியாக விட்டார். இதை மருமகளிடமும் சொல்லிவை.

அன்புடன்,
ஆத்தா