டிரைவ் ஷாஃப்ட் மாற்றிய பிறகு கியர் ஆயில் ஒழுகுவது பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இடது டிரைவ் ஷாஃப்ட் வேலையில் நடந்த குறைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்ததால் காரை உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டேன். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க முனையில் உள்ள மூட்டு, அதாவது வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து மண் புகுந்திருந்ததைக் காட்டினார்கள். சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் சிதறிக் கிடந்தது. உள்ளே குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேய்ந்துவிட்டால் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்றார்கள். அது நியாயம்தான். ஷாஃப்ட்டையே மாற்றச் சம்மதித்தேன், சத்தமும் நின்றது.

அப்புறம்தான் தொல்லை. கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. குனிந்து பார்த்தால், புது ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலிருந்து கியர் ஆயில் சொட்டுகிறது. உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் காட்டினேன். “அது வேற பிரச்சினை சார், தனி ஜாப் கார்டு போடணும்” என்றார், தனி வேலைச்சீட்டாம்.

எப்படி வேறு பிரச்சினை ஆகும்? ஷாஃப்ட்டை உருவிச் சொருகும்போது அதன் பற்கள், ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் மெல்லிய ரப்பர் உதட்டைக் கீறிவிடக்கூடும். அதனால்தான் ஷாஃப்ட்டைக் கழற்றும்போதே சீலையும் மாற்றிவிடுவார்கள். ஷாஃப்ட்டை உருவினால் கொஞ்சம் ஆயிலும் வெளியே வரும். அதை ஈடுசெய்து அளவு பார்க்க வேண்டும். உங்கள் பில்லில் ஷாஃப்ட், கூலி இரண்டும்தான் இருக்கின்றன. சீல் இல்லை, ஆயில் இல்லை.

நட்டும் இல்லை. சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட் நட்டின் விளிம்பில் இரண்டு உளித்தடங்கள்: ஒன்று துருவேறிய பழையது, இன்னொன்று பளபளவென்று புதியது. பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை தட்டி மடக்கிப் பூட்டிய நட்டைக் கழற்றினால் புதிது போட வேண்டும் என்று என் காரின் சர்வீஸ் கையேடே சொல்கிறது. வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதும் அந்த நட்டுதான். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற வண்டி இது. எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

வேலை பார்த்த மெக்கானிக் மேல் பழியைப் போட்டு இதை முடித்துவிடாதீர்கள். சீலும் நட்டும் அவர் கைக்கே போகவில்லை என்பதை உங்கள் பில்லே சொல்கிறது.

புது ஆயில் சீலும் புது நட்டும் போட்டு, கியர் ஆயிலை அளவுக்கு நிரப்பித் தாருங்கள். நட்டை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கிய அளவு ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். பேரிங்கையும் பரிசோதிக்க வேண்டும். ஆயில் குறைந்து ஓடியதால் கியர்பாக்ஸுக்குச் சேதம் இருந்தால் அதுவும் உங்கள் பொறுப்பே. பில் நகலையும் நட்டு, கசிவு படங்களையும் இணைத்துள்ளேன்.

காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல உங்கள் செலவில் இழுவை வண்டி அனுப்புங்கள். எந்த நாளில் வரும் என்பதை ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்