பிள்ளையைப் பிரிக்க முன்னர்

ஆசிரியருக்கு,

கசிப்பு என்னும் கள்ளச் சாராயத்தால் குலைந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் சிறுவர் இல்லத்துக்குப் போவதை வன்னியில் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை கொடுக்கிறார், நீதிமன்றம் கட்டளையிடுகிறது. சரி, பிள்ளைக்குப் பாதுகாப்பு. தாய் தகப்பனின் குடியை யார் மாற்றுவது?

லண்டனில் 2008இல் இதற்கென்றே ஒரு குடும்ப நீதிமன்றம் தொடங்கினார்கள். வழக்கு முடியும்வரை ஒரே நீதிபதி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சட்டத்தரணி இல்லாமல், பெற்றோருடன் அவரே நேரில் பேசுகிறார். சிகிச்சைக் குழு கூடவே நிற்கிறது, போதைப் பரிசோதனையும் உண்டு. குறித்த காலத்துக்குள் மாற்றம் தெரியாவிட்டால்தான் பிள்ளைக்கு நிரந்தரமாக வேறு இடம்.

2009இல் போரில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள்தான் இங்கே இன்று பெற்றோர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்படியொரு ஏற்பாட்டை நீதி அமைச்சு தொடங்க வேண்டும்.

ஒரு தாய்,
மாங்குளம்