ஃபியட்டை விடு, கல்லிடைக்குறிச்சி அம்பாசடரைப் பார்

பாளையங்கோட்டை,
வைகாசிக் கடைசி.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. மும்பையில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய, பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் டாக்சிகள் 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போனதை, துஷ்டி வீட்டிலிருந்து எழுதுகிறவனைப் போல இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாய். அத்தனை காலம் அவற்றில் ஏறி இறங்கியவனுக்கு அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதற்காக, ஊர் திரும்பியதும் அம்பாசமுத்திரத்து வீட்டு வாசலில் ஒரு ஃபியட் நின்றே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, தேடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாய். தேடினேன். இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நீ கேட்டது ஒன்று, கேட்காதது ஒன்று. கேட்காததைத்தான் வாங்கச் சொல்லப் போகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

முதலில் உன் ஃபியட். உவரிக்குப் போகும் வழியில் ஒரு ஊர். வண்டிக்காரர் நல்ல மனிதர், பதநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். வண்டியின் பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் உனக்குப் பிடித்த கை கியர், முன்பக்கம் பெஞ்சு சீட், சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிற 1089 சிசி எஞ்சின். நீ வந்திருந்தால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பாய். நல்லவேளை, என்னோடு பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி வந்திருந்தார். அவர் எஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து, கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற தகட்டில் வைத்தார். ஒட்டவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் வைத்தார். அங்கேயும் வழுக்கிக் கீழே விழுந்தது. காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி. தகடு இருந்த இடத்தில் பட்டியைப் பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தரை விரிப்பைத் தூக்கினால் துண்டுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்திருந்தது தெரிந்தது.

ஃபியட்டுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உடம்புதான் அதற்கு எலும்பு. கதவடித் தகடு போனால் வண்டியின் இடுப்பே போன மாதிரிதான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை வெளியே தெரியாமல் உள்ளிருந்து செய்துகொண்டே இருக்கும். எஞ்சின் எவ்வளவு கெட்டாலும் நம் ஊர் லேத் பட்டறைகளில் போர் அடித்து, ஸ்லீவ் போட்டு, பிஸ்டன் மாற்றி எழுப்பிவிடலாம். அரித்த தகட்டை வெட்டி எடுத்து, பழைய வளைவு மாறாமல் புதுத் தகட்டைத் தட்டிப் பொருத்துகிற டிங்கர் இன்று மாவட்டத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கூலியும் நியாயமானதுதான். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவன் எஞ்சின் சத்தத்தில் மயங்கக் கூடாது, அடிவயிற்றைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

அங்கிருந்து திசையன்விளை, வள்ளியூர், ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடிக்கு வந்தோம். கோயில் வாசலில் காபி குடிக்கும்போது அண்ணாச்சி வழக்கமான பெருமையை ஆரம்பித்துவிட்டார். டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் அல்லவா அது. 1911இல் மதுரையில் தொழில் தொடங்கி, பஸ் விட்டு, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட வழி செய்தவர். "பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓட்டிக் காட்டிய ஊர்க்காரர்கள் நாம், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கா பயப்படுவது?" என்றார் அண்ணாச்சி. எத்தனாலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வண்டி கல்லிடைக்குறிச்சியில். ஒரு பழைய அரிசி மில்காரர் வீடு. வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஷெட். உள்ளே மார்க் 2, அதாவது இரண்டாவது மாடல் அம்பாசடர். முன் கிரில்லில் நெருக்கமான சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்ததைப் பார்த்ததுமே எந்த மார்க் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் மார்க்கில் இந்தக் கட்டம் கிடையாது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஒயரிங்கை எலி தின்றுவிட்டது, பின் சீட்டில் குடித்தனமே நடத்தியிருக்கிறது. பெயிண்ட் மங்கிப் பல இடங்களில் பிரைமர் தெரிகிறது. பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் காந்தம் வைத்த இடத்திலெல்லாம் டக்கென்று ஒட்டியது. அடித்தகடு அத்தனையும் கம்பெனியிலிருந்து வந்தது. மேலே படிந்திருப்பது தேய்த்தால் போகிற துரு.

அதைவிடப் பெரிய விஷயம் காகிதம். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரே குடும்பம். பழைய ஆர்.சி. புத்தகம் கிழியாமல் இருக்கிறது. எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் தேய்த்துப் பென்சிலில் எடுத்துப் பார்த்தோம், இரண்டும் புத்தகத்தோடு சரியாக இருக்கின்றன. வாரிசுகள் மூன்று பேர், மூவரும் கையெழுத்துப் போடத் தயார். காகிதம் இல்லாத பழைய வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே. அதை ஓட்ட முடியாது, பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது, உண்மைதான். அண்ணாச்சி பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் போய்க் கிராங்க் கம்பியை மாட்டி, அவசரப்படாமல் முன்னும் பின்னும் அசைத்தார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சுற்றியது. அந்த 1489 சிசி எஞ்சின் லேசுப்பட்டதா? இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1955இல் போட்டதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். நம் அரிசி மில்காரர் அதை நெல் வியாபாரத்துக்கு ஓட்டியிருக்கிறார்.

இன்னொரு காரணமும் சொல்கிறேன். 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டி பூட்டுவதை விட்டுப் போன பிறகு, வெகுகாலத்துக்கு நமக்குக் கிடைத்த கார் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான். அந்த மூன்றில் அம்பாசடர் உத்தரபாராவில் 2014 மே வரைக்கும் தயாரானது. அதனால் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. ஃபியட் உற்பத்தி இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு நின்றுவிட்டது, உதிரிப் பாகமும் வருடத்துக்கு வருடம் அருகிக்கொண்டே வருகிறது. அம்பாசடருக்குத் தாய் வண்டி மாரிஸ் ஆக்ஸ்போர்டு. தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் படித்தவன் நீ. உனக்கு வேறு எந்த வண்டி பொருந்தும்?

இனி உன் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி. புது வண்டி போலப் பெயிண்ட், இரண்டு நிறம், தோல் சீட், எல்லாக் கம்பிக்கும் குரோம், விசேஷத்துக்கு மட்டும் வெளியே எடுப்பது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, அப்படி ஒரு வண்டிதான் வேண்டும் என்றால் கோயம்புத்தூர் ஜி.டி. அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா, அருமையாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்திருக்கிற வண்டி வாரம் ஒரு தடவையாவது ஓட வேண்டும். நின்றால் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரைப் பிடிக்க வைக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் பூத்துவிடும். பேட்டரி இறங்கும். எலியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்றைக்கும் மார்க்கெட்டுக்குப் போகிறது, மழையில் நனைகிறது, கதவில் இரண்டு கீறலும் இருக்கிறது. அதனால்தான் சாவியைத் திருப்பியதும் பதில் சொல்கிறது.

ஹெரால்டைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும், சுருக்கமாக இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். சென்னைப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி அதற்கு நான்கு கதவு வைத்துச் செய்தது. அது நம் ஊருக்கென்றே பிறந்த வண்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். டவுன் ரத வீதிகளில் மாடும் ஆட்டோவும் மறித்து நிற்கும்போது, ரிவர்ஸ் எடுக்காமல் நான் திரும்பி வருவதைப் பார்த்துப் புது வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பதையே மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்குகிற வெண்கல டிரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். இதைச் சர்வீஸ் செய்கிற இடத்தில் எத்தனை முறை சொன்னாலும் பையன்கள் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிற வண்டியில் பழகிய கைகள். ஆகவே அந்த ஒரு வேலையை நானே செய்துகொள்கிறேன்.

எத்தனாலுக்கு வருகிறேன். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களை ஊற வைத்து இளக்கிவிடும், டேங்கில் கிடந்தால் தண்ணீரை இழுக்கும். அதைத் தாங்குகிற ஹோஸ்களை வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமாக மாற்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு மருந்து, பெட்ரோலை டேங்கில் பழசாக விடாமல் ஓட்டித் தீர்ப்பது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களின் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. கல்லிடைக்குறிச்சி வண்டியின் ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான சீட் வளையங்களைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். செலவு கொஞ்சம் கூடும், யோசிக்காதே.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றியே எத்தனை ரேடியேட்டர்கள் அடைத்துப் போயின என்று அண்ணாச்சி ஒரு தனிப் புராணம் வைத்திருக்கிறார். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான். வழியில் அவசரம் என்றால் தாமிரபரணித் தண்ணீர் பாதகமில்லை. அக்னி நட்சத்திரத்தில் போக்குவரத்தில் நின்று, வண்டி இருமி நின்றுவிட்டால் பதறாதே. பெட்ரோல் குழாயில் சூட்டினால் ஆவி அடைத்திருக்கும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஒரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வா, கிளம்பிவிடும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலக விவகாரம் ஒன்று. 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021இல் விதி வந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. பாபநாசத்துக்குக் குளிக்கப் போக முடியாத வண்டி உனக்கு எதற்கு? சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவோம்.

ஒரு எச்சரிக்கை. வண்டி வந்ததும் கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். நம் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் காரைப் பிளஷர் என்றுதான் சொல்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பிளஷரில் வந்தால் அவர்களுக்கு அது ஒரு கௌரவம், அவர்களுக்குக் கொடு. புகைப்படத்துக்குப் பானெட் மேல் ஏறி உட்காரக் கேட்கிற கூட்டத்துக்குக் கொடுக்காதே. பூ ஒட்டுகிற டேப்பைப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

விலை அதிகம் கேட்கவில்லை, போனில் சொல்கிறேன். மில்காரர் மகன் ஆனித் தேரோட்டம் வரை நமக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார். உண்மையோ, விலைக்காகச் சொன்னதோ, நமக்கு எதற்கு வம்பு? சம்மதம் என்றால் உடனே சொல், அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன். சென்னை வழியாக வருகிறாய் என்றால் புதுப்பேட்டையில் இறங்கி மார்க் 2 அம்பாசடருக்குக் கதவு ரப்பர் ஒரு செட், லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்று, பாயிண்ட் செட் இரண்டு வாங்கி வா. மூடியை வாங்கும்போது உள்ளே நடுவில் இருக்கிற கரித்துண்டு ஸ்பிரிங்கோடு அமுங்கி எழும்புகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து வாங்கு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
பாளையங்கோட்டை நண்பன்