முதலில் பாட்டைப் போடுங்கள்

ஈழத்துப் பொப் இசை வரலாறு பற்றிக் கலந்துரையாடல் வைத்த அமைப்பாளர்களுக்கும், மேடையில் இருந்த விமர்சகர்கள், ஆய்வாளர்களுக்கும்

வணக்கம். போன ஞாயிறு கடைசி வரிசையில், மடியில் சொப்பிங் பையோடு இருந்த கிழவன் நான்தான். எழுபதுகளில் ஒரு பொப் இசைக் கோஷ்டியில் பொங்கோஸ் என்ற சோடி மேளம் அடித்தவன். அழைத்ததற்கு நன்றி. தேத்தண்ணியும் வடையும் நன்றாகவே இருந்தன.

மூன்று மணித்தியாலம் பேசினீர்கள். ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததில் தொடங்கி, அவர்கள் வழி வந்த ஆட்டப்பாட்டான பைலாவுக்கு வந்து சேரவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. 'பொப்' என்பதா, 'துள்ளிசை' என்பதா என்ற வழக்குக்கு இன்னொரு முக்கால் மணி. நாங்கள் பேர் பார்த்து அடிக்கவில்லை ஐயா. அடித்தோம், சனம் ஆடியது. உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டு ஒரு வசனத்தில் வந்து போனது. பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார் என்று அவரையும் முடித்துவிட்டீர்கள். அவர் பாடிய, தமிழும் சிங்களமுமாக ஓடுகிற 'சுராங்கனி'யை வெறும் பைலாப் பிரதி என்றார் ஒருவர். இருக்கட்டும். பாட்டைப் போட்டிருந்தால் சபையே தீர்ப்புச் சொல்லியிருக்கும். பைலாவின் சிக்ஸ்-எய்ட் தாளத்தை, திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த கை எப்படி அடிக்கும் என்பதை வாயால் விளங்கப்படுத்த முடியாது.

பையில் இருந்தது ஒரு கசெட். கோயில் திருவிழா ஒன்றில், மேளக் கச்சேரி முடிந்து சாமத்துக்குப் பிறகு நாங்கள் ஏறிய மேடையில் பதிந்தது. பின்னாளில் சண்டைக் காலத்தில் பற்றரிக்குத் தடை, கரண்டும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மகன் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் இதைக் கேட்டோம். அவன் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார், குரல் இழுபடும். "சுத்தடா" என்று கத்துவேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கிவர, யாழ்ப்பாண நகரோடு வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, மனைவி ஒரு சீலைக்குள் சுற்றி எடுத்துவந்தது இந்த ஒன்றைத்தான். மற்றக் கசெட்டுகளும் பொங்கோசும் வீட்டில் நின்றன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை.

கேள்வி நேரத்தில் எழும்பி, இதைப் போடலாமா என்று கேட்டேன். "பிளேயர் இல்லை ஐயா, சுருக்கமாகச் சொல்லுங்கோ" என்றார் ஒரு தம்பி, சிரித்துக்கொண்டு. நான் வாய் திறப்பதற்குள் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. கோபமில்லை என்று எழுதினால் பொய்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததை, 97,000 புத்தகங்களை, மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறதே, இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஆவணப்படுத்தல் என்ற சொல் அன்றைக்கு எத்தனை தரம் வந்தது என்று எண்ணியிருந்தால் விரல் போதாது. ஆவணம் பின்வரிசையில் இருந்து வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

சரி, ஏச்சுக்காக எழுத வரவில்லை. தாழ்மையாகக் கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் முதலில் பாட்டைப் போடுங்கள், பிறகு பேசுங்கள். அதற்கு முன் ஒரு நாள், கசெட்டும் இசைத்தட்டும் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, பொறுமையாக இருந்து கணினியில் ஏற்றித் தாருங்கள். எங்கள் கோஷ்டியில் எட்டுப் பேர். ஊரில் மிச்சம் நானும் அக்கோடியன்காரரும். அவருக்கு இப்போது காது கேட்காது. ஆனாலும் எந்தப் பாட்டுக்கு யார் வாசித்தது என்று ஒன்றும் மறக்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். என் பிளேயரின் பெல்ட் அறுந்துபோய்க் கிடக்கிறது. வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டு வந்தால் உபகாரம். காசு தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு
பழைய பொங்கோஸ்காரன்
யாழ்ப்பாணம்