அரிசிக்குத் தருகிறார்கள், ஆளுக்குத் தருவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையை அடுத்த பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் தொண்டு நிறுவனங்கள் செய்யும் பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவுப் பொட்டலம், போர்வை, நோட்டுப் புத்தகம் என்று யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. நல்லதுதான். மேசை போட்டு உட்கார்ந்து, சான்றிதழ்களைச் சரிபார்த்து மனு எழுதிக் கொடுக்கும் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கூடமாட உதவி வருகிறேன். கூவம், அடையாறு கரைகளிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்கள்தான் அங்கே அதிகம். உதவி கேட்டு வரும் பெண்கள் பெரும்பாலும் ஒரு மஞ்சப்பையோடு வருவார்கள். உள்ளே ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், கணவரின் இறப்புச் சான்றிதழ். ஒன்றில் இனிஷியல் அப்பாவுடையது, இன்னொன்றில் கணவருடையது. முகவரியோ இன்னமும் பழைய ஆற்றோரத் தெரு. மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை இந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். சிலருக்கு வீட்டு வேலையில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே மழுங்கிவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் ஏற்காது.

எதை முதலில் திருத்துவது, எதற்கு இ-சேவை மையம், எதற்குத் தாசில்தார் அலுவலகம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பிக்க என்ன வேண்டும், இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அது ஒரு பெண். அதே குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில்தான் வசிக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

"எத்தனை மூட்டை அரிசி வேண்டுமானாலும் கேளுங்கள் சார், சம்பளத்துக்கு மட்டும் கேட்காதீர்கள்" என்று நன்கொடையாளர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களில் நாங்கள் அணுகியவர்களுக்கும் பெயர்ப்பலகை வைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். மனு எழுதுவதைப் போட்டோ எடுத்தால் என்ன தெரியப்போகிறது! வெளிநாட்டு நன்கொடை விஷயத்தில், 2020 சட்டத்திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பணத்தை எங்களைப் போன்ற சிறியவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வழியையும் அடைத்தது.

இதே சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் தொடங்கிய 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்', பூவும் காய்கறியும் விற்கும் பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்தது. குழு சேர்த்து, தெருத்தெருவாகப் போய் அலைந்தவர்களும் அதே குடிசைப் பகுதிப் பெண்கள்தான். அந்த ஆட்களை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

பிறந்தநாள், திதி என்று அன்னதானத்துக்குப் பணம் தர விரும்பும் வாசகர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள். அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, ஒரு களப்பணியாளரின் ஒரு மாதச் சம்பளத்தையும் ஏற்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் பதிவு உள்ள நிறுவனமாகப் பார்த்துக் கொடுத்தால், பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்குக் கழிவும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேடவாக்கம்